நூல் தராசில் என் மகள்

1

நெதர்லாந்தில் பிள்ளை வளர்ப்பதென்றால் பாதி நேரம் படிவம் நிரப்புவதுதான். போன வாரம் மகள் மெர்சிக்கு மூன்று வயதுப் பரிசோதனை. ஐந்தோவனில் எங்கள் பேட்டைக் குழந்தைகள் நல நிலையத்துக்குப் போவதற்கு முன்பே வீட்டுக்கு ஆறு பக்கக் கேள்வித்தாள் வந்துவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கிறாளா, வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்றெல்லாம். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். டச்சு மொழியில் பேருந்துக்காரரோடு சண்டைகூடப் போடுவேன். ஆனாலும் படிவம் என்றால் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பயம்தான்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பிறந்த முதல் மாதத்தில் பால் குடிப்பதில் சிரமம் இருந்ததா? இருந்தது. யார் உதவினார்கள்? மருத்துவச்சி, தாதி, மருத்துவர், பாலூட்டல் ஆலோசகர், மற்றவர். நான் 'மற்றவர்' கட்டத்தில் டிக் அடித்தேன்.

நிலையத்தில் இருந்த தாதி அதைப் பார்த்துவிட்டு யார் அந்த மற்றவர் என்று கேட்டார். என் அண்ணனின் மனைவி என்றேன். அவர் நர்ஸா என்றார். இல்லை, பட்டு நூல் எடை போடுகிறவள் என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு 'குடும்பம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு அது ஆறவே இல்லை. குடும்பம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு படை. அந்தப் படை முழுக்க என்னை அழவைத்துக்கொண்டிருந்தபோது உதவியவள் ஒருத்திதான். டச்சுக்காரத் தாதியிடம் சொல்ல முடியாததை ஊரில் இருக்கும் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

2

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் ஆரணியில் எழுதாத சட்டம். இங்கே பிரசவமானால் எட்டு நாள் வீட்டுக்கே ஒரு உதவியாளர் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வார். அதை வேண்டாமென்று விட்டுவிட்டு, விமானக் கம்பெனிக்கு டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்து, ஏழாம் மாத வயிற்றோடு நான் கிளம்பியதை என்னுடன் வேலை செய்கிறவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வேலையை விட்டு வர முடியாததால் இங்கேயே இருந்தார். பிள்ளையை அவர் முதலில் பார்த்தது போனில்தான்.

மெர்சி அரசு மருத்துவமனையில் சுகமாகப் பிறந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஐந்தாம் நாள் பால் நன்றாக இறங்கியது. அன்றிலிருந்து பேஜார் ஆரம்பித்தது.

வாய் வைத்து அரை நிமிடம் ஆகாது, இருமுவாள். புரையேறும். முகம் சிவந்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வீறிடுவாள். மறுபடி வைத்தால் மறுபடி அதே கூத்து. எப்படியோ குடித்து முடித்தால் கால் மணி நேரத்தில் தயிர் தயிராக என் தோளெல்லாம் கக்கிவிடுவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. குடித்தது முழுக்க வெளியே வந்துவிட்டது என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளை அழுதால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பால் பத்தவில்லை. அம்மா அந்த நிமிடமே போருக்குப் புறப்பட்டுவிட்டார். காலையில் நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, மதியம் பால்சுறாப் புட்டு, கூடவே முருங்கைக்கீரை, சாயந்திரம் வெந்தயக் களி, படுக்கும்போது பூண்டு போட்டுக் காய்ச்சிய பால். பார்க்க வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு தூக்கில் சுறா வந்தது. அந்த எட்டு நாளில் நான் சாப்பிட்ட சுறாவைக் கடலில் விட்டிருந்தால் மீனவர்கள் பயந்திருப்பார்கள்.

பிள்ளை இன்னும் அதிகமாகக் கக்கினாள். அம்மா இன்னும் அதிகமாகப் பூண்டு உரித்தார்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. நான் மென்பொருள் சோதிக்கிற வேலைக்காரி. எதையும் குறித்துவைக்காவிட்டால் தூக்கம் வராது. பால் கொடுக்கும் நேரத்தைக் கணக்கு வைக்க ஐந்தோவனிலிருந்தே போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று அதில் வைத்திருந்தேன். பத்தாவது நிமிடம் 'டிங்' என்று அடிக்கும். குழந்தை அப்போதுதான் கொஞ்சம் நிதானமாகக் குடித்துக்கொண்டிருப்பாள். நான் பிடுங்கி அடுத்த பக்கத்தில் போடுவேன். அங்கே மறுபடி இருமல், மறுபடி வீறிடல்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்தார். பிள்ளை கக்குவதைப் பார்த்தார். "வெளிநாட்டுல குளுர்ல இருந்துட்டு வந்த ஒடம்பு. இதுல பால் எங்கருந்துமா ஊறும்?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்துவிட்டது. ஐந்து வருடம் எங்கேயோ போய் இருந்ததற்கு என் உடம்பு பிள்ளையிடம் அபராதம் வசூலிக்கிறது என்று நான் நிஜமாகவே நம்ப ஆரம்பித்தேன்.

3

பன்னிரண்டாம் நாள் அண்ணனும் நானும் குழந்தை மருத்துவரிடம் போனோம். டாக்டரம்மா பொறுமைசாலி. கக்குவது பச்சை நிறமாக இருக்கிறதா, ரத்தம் கலந்து வருகிறதா, பீச்சி அடித்தது போல வருகிறதா, நாளுக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பச்சையும் இல்லை, ரத்தமும் இல்லை. துணி நாளைக்கு ஏழெட்டு நனைகிறது. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். அப்புறம் தராசில் போட்டார்.

இரண்டு கிலோ அறுநூற்று எழுபது.

ஏழாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டபோது இரண்டு எண்ணூறு இருந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ஏறணும்மா. இந்த வயசுல நாளுக்கு இருவத்தஞ்சு முப்பது கிராமாவது ஏறணும். இது எறங்கிகினு போவுது" என்றார். "பாப்பா சுறுசுறுப்பா இருக்கறதால மூணு நாள் டைம் தரேன். நல்லா பால் குடுங்க. அப்பவும் ஏறலன்னா கூட பவுடர் பால் ஆரம்பிச்சிடலாம். நடுவுல பச்சையா கக்கினாலோ, சோர்ந்து போனாலோ உடனே தூக்கிகினு வந்துடுங்க."

திரும்பும் வழியில் அண்ணன் வண்டியை ஒரு மெடிக்கல் கடை முன்னால் நிறுத்தி ஒரு டின் வாங்கிக்கொண்டு வந்தான். பவுடர் பால் ஒன்றும் விஷமில்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது உயிர். இங்கே என் சிநேகிதிகள் பலர் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். என் வீட்டுக்காரரும் போனில், "குடுத்துடு ஸ்டெல்லா, நீ அழறதப் பாக்க முடியல" என்றார். எனக்கோ அந்த டின் அலமாரியில் உட்கார்ந்து 'உன்னால் முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருப்பது போலிருந்தது. எனக்கு மூன்று நாள் இருந்தது.

4

இப்போது ரெஜினா அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி என்கிறேனே தவிர, அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கணக்கில் அவள் என்னைக் காப்பியடிக்க விடமாட்டாள். அந்தக் கோபம் எனக்கு அவள் கல்யாண நாள்வரை இருந்தது.

எங்கள் வீட்டில் பதினாறு தறிக்கு நூல் கொடுக்கிறார்கள். அண்ணன் பெங்களூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் அலைவான். வீட்டில் நூல் அறை ரெஜினாவின் ராஜ்ஜியம். பட்டையும் சரிகையையும் எடைபோட்டு நெசவாளருக்குக் கொடுப்பது, நெய்து வரும் சேலையை எடைபோட்டு வாங்குவது, வந்த எடை போன எடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள்தான். மழைநாளில் பட்டு ஈரத்தைக் குடித்து எடை கூடும். அதையும் கழித்துப் பார்ப்பாள். ஒரு கிராம் ஏறி இறங்கினால்கூட அவள் புருவம் உயரும்.

நாங்கள் டாக்டரிடமிருந்து வந்ததும் எல்லாரும் 'ஐயோ' என்றார்கள். அவள் மட்டும் கேள்வி கேட்டாள்.

"பொறந்தப்ப எங்க எடை போட்டாங்க?"

"பெரியாஸ்பத்திரில."

"ஏழா நாளு?"

"சுகாதார நிலையத்துல."

"இன்னைக்கு?"

"டாக்டர்கிட்ட."

"மூணு தராசுல போட்டா மூணு எடதான்டி வரும். இதுல ஏறிச்சி எறங்கிச்சின்னு எப்படி சொல்றது? நாளைக்குக் காத்தால பாப்பாவ தூக்கிகினு நூல் ரூமுக்கு வா" என்றாள்.

மறுநாள் காலை போனேன். தராசு மேல் நூல் கட்டு வைக்கிற அகலமான பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, அதில் துவைத்த வேட்டித் துண்டை விரித்து, பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்கினாள். மெர்சியை உடுப்பில்லாமல் அதில் படுக்கவைத்தாள். சுற்றிலும் அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறங்களில் பட்டு தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் நடுவில் கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு தொள்ளாயிரத்துப் பத்து. டாக்டர் தராசைவிட இருநூற்று நாற்பது கூட; நூல் தராசு அப்படித்தான் காட்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். ரெஜினா நூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தாள்.

"இப்ப பால் குடு."

வழக்கம் போலத்தான் எல்லாம் நடந்தது. இருமல், வீறிடல், டிங், அடுத்த பக்கம். குடித்து முடித்ததும் ரெஜினா பிள்ளையை வாங்கி மறுபடி தொட்டியில் வைத்தாள். மூவாயிரத்து இருபத்தெட்டு.

"நூத்திப் பதினெட்டு குடிச்சிருக்குது" என்றாள்.

"அதான் இப்போ கக்கிடுவாளே. எல்லாம் போயிடும் பாரு."

"கக்கட்டும்." அவள் ஒரு கைத்துண்டை எடுத்துத் தராசில் போட்டாள். நாற்பத்தொன்று. அதை என் தோளில் விரித்தாள். பத்து நிமிடத்தில் மெர்சி தன் வேலையைக் காட்டினாள். துண்டு முழுக்கப் பால். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெஜினா துண்டைச் சுருட்டித் தராசில் வைத்தாள். ஐம்பத்தொன்பது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போனது நூத்திப் பதினெட்டு. வந்தது பதினெட்டு. நூறு உள்ள இருக்குது. எங்கடி பால் பத்தல?"

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் எங்கள் வீட்டில் வந்து போன அத்தனை பேரும் அந்தத் துண்டைக் கண்ணால் பார்த்தார்கள். எடை போட வேண்டும் என்று ஒருத்திக்குத்தான் தோன்றியது. படித்தவள், குறித்துவைக்கிறவள் என்று பீற்றிக்கொள்ளும் எனக்கும் தோன்றவில்லை. எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்று நூறு விஷயம் குறித்தேனே, எவ்வளவு என்று ஒரு தரம் பார்த்தேனா?

5

இதற்கு மேல்தான் எனக்கு அவள்மீது மதிப்பு கூடியது. வேறு யாராவது என்றால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தானே டாக்டர் ஆகியிருப்பார்கள். அவள் செய்யவில்லை. "எனக்கு எடதான் தெரியும். ஏன் இருமுது, ஏன் கத்துதுன்னு தெரிஞ்சவங்கள கேக்கலாம்" என்று நோட்டையும் என்னையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே எங்கள் பகுதி நர்சம்மா நோட்டைப் பார்த்தார். என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று கவனித்தார். குழந்தை இருமி விலகியதும் பால் தானாகப் பீறிட்டு அடித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது பால் பத்தாத கேஸ் இல்லம்மா, பொங்கற கேஸ். கொழா உடைஞ்ச மாதிரி கொட்னா பாப்பா இன்னா பண்ணும்? மூச்சு வாங்கறதா, முழுங்கறதா? இன்னா சாப்படற நீ?"

நான் பட்டியலைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நன்றாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு பிள்ளையை நெஞ்சின் மேல் போட்டுக் கொடுக்கச் சொன்னார். பால் மேலேறி வர வேண்டியிருப்பதால் வேகம் குறையுமாம். முதலில் பீறிடுவதைத் துணியில் விட்டுவிடு. ஒரு வேளைக்கு ஒரு பக்கமே போதும், அவளாக விடும் வரை பிடுங்காதே. முடிந்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள். "அந்த மணி அடிக்கிற போன தூக்கிப் போடு" என்றார். "கக்கறது நாளாக ஆக கொறஞ்சிடும். பாப்பா சிரிச்சிகினே கக்கினா துணிக்குத்தான் கஷ்டம், பாப்பாவுக்கு இல்ல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரெஜினாதான் நோட்டைக் காட்டிச் சொன்னாள். அம்மா உரித்துக்கொண்டிருந்த பூண்டை அப்படியே முறத்தில் வைத்தார். "அப்போ நானேதான் ஊத்திகினு இருந்தனா?" என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அன்று மதியச் சுறாப்புட்டை அண்ணன் சாப்பிட்டான். அவனை வைத்து வீட்டில் நடந்த கேலியை இங்கே எழுத முடியாது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் மெர்சி முதல்முறையாக இருமாமல் ஒரு வேளை முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டு என் நெஞ்சிலேயே தூங்கிப்போனாள். பதினான்காம் நாள் காலை நூல் தராசில் இரண்டு தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. பதினைந்தாம் நாள் இரண்டு தொள்ளாயிரத்து எண்பது. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள்.

அந்த மெர்சியா இவள் என்று சில சமயம் பார்த்துக்கொண்டே இருப்பேன். இங்கே காலையில் பாலைத் தள்ளிவிட்டு, ரொட்டி மேல் சாக்லெட் தூவினால்தான் ஆயிற்று என்று டச்சில் அடம்பிடிக்கிறாள். "பால் குடிம்மா" என்றால் "நே", மாட்டேன் என்கிறாள். அண்ணி போனில் வந்தால் மட்டும் "அத்தே" என்று ஓடிவருவாள். அந்த ஒரு வார்த்தைக்கு இதுவரை டச்சு வரவில்லை.

6

பதினைந்தாம் நாள் டாக்டரம்மாவிடம் போனோம். இந்த முறை அண்ணன் வரவில்லை, ரெஜினா வந்தாள். நான் தலை நிமிர்ந்து போனேன் என்றே சொல்ல வேண்டும். பிள்ளையைத் தராசில் வைத்தார்கள்.

இரண்டு கிலோ அறுநூற்று அறுபது.

மூன்று நாளில் பத்து கிராம் குறைந்திருக்கிறது. போன முறை பால் குடித்த வயிற்றோடு போட்டது அப்போது யாருக்கும் நினைவில்லை. டாக்டரம்மா வருத்தத்தோடு பேனாவை எடுத்தார். "இனிமே தள்ளிப்போட வேணாம்மா" என்று பவுடர் பால் அளவை எழுத ஆரம்பித்தார். காலையில் நூல் அறையில் பார்த்த எடை, நர்சம்மா சொன்னது எல்லாம் ஒரு நொடியில் பொய்யாகிவிட்டது போல இருந்தது. டாக்டர் தராசு எங்கே, நூல் தராசு எங்கே என்றுதான் என் புத்தி போனது.

ரெஜினா தன் கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தினமும் காலையில் நூல் தராசைச் சரிபார்க்கும் கல். அதைச் சுமந்துகொண்டுதான் ஆட்டோவில் வந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"டாக்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க வீட்டு தராசுல பாப்பா ரெண்டு தொள்ளாயிரத்து எம்பது இருக்குது. ரெண்டுல ஒண்ணு தப்பு. எங்க தராசே தப்பா இருக்கலாம். இந்தக் கல்ல ஒரு வாட்டி உங்க தராசுல வெச்சி பாத்துடலாமா?"

டாக்டரம்மா கல்லைப் பார்த்தார். "இது சரியான கல்லுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முத்திர போட்ட கல்லு டாக்டர். இது தப்புன்னா பதினாறு தறிக்காரங்களும் என்ன சும்மா வுட்டு வெச்சிருப்பாங்களா?"

டாக்டரம்மா எழுந்து வந்து தன் கையாலேயே கல்லைத் தராசில் வைத்தார். எண் நின்றது. எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து.

கிலோவுக்கு நூற்றைந்து கிராம் குறைத்துக் காட்டுகிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன். எழுதிய சீட்டை டாக்டரம்மா கிழித்துப் போட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டார்தான், இரண்டு வார்த்தையில். ஆனால் அவர் முகத்தில் இருந்தது வேறு. அவர் வெளியே போய் நோயாளிப் பதிவேட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் இந்த தராச எடம் மாத்தி வெச்சோம். அப்புறம் சரிபாக்கவே இல்ல" என்றார், எங்களிடம் அல்ல, தனக்குத்தானே. "இந்த ரெண்டு வாரத்துல எத்தன அம்மாங்ககிட்ட உங்களுக்குப் பால் பத்தலன்னு சொல்லி அனுப்பிச்சேன்?"

விரலை வைத்துப் பக்கத்தைப் புரட்டினார். வெம்பாக்கம் ஒன்று, செய்யாறு இரண்டு, தேசூர் ஒன்று, ஆரணியிலேயே நான்கு. வெளியே கூட்டம் காத்திருந்தது. அவர் போனை எடுத்து முதல் எண்ணைப் போட்டார். தப்பை மறைக்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டு தேசத்திலும். தப்பு தெரிந்த ஐந்தாவது நிமிடத்தில் அதைத் தேடிக்கொண்டு போனவரை அன்றுதான் பார்த்தேன். ரெஜினா கல்லை அங்கேயே விட்டுவைத்தாள். "வேற தராசு வர வரிக்கும் இருக்கட்டும் டாக்டர்" என்றாள்.

தேசூர்க்காரியிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் மேஜைமேல் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. சின்னப் பெண்ணின் குரல். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மா, போன வாரம் உங்க பாப்பாவுக்கு எட கொறையுதுன்னு சொன்னேன் இல்ல? என் தராசு தப்பும்மா. நாளைக்குப் பாப்பாவத் தூக்கிகினு வாங்க, திரும்பப் போட்டுப் பாக்கலாம்."

அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டிச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்.

"அப்போ எம் பாலு பத்துமா டாக்டர்?"

பத்து நாளாக நான் வாய்விட்டு யாரிடமும் கேட்காத கேள்வி அது. எனக்குத் தாங்கவில்லை. மெர்சியைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே சத்தமாக அழுதேன்.